கழுத்தில் துடித்த கட்டி

கட்டி துடித்தால் அது பழுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது. தொடையில் வந்தாலும் சரி, அக்குளில் வந்தாலும் சரி, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தெறிக்கிறது என்றால் பரியாரிக்கு ஆள் போகும். ஊருக்குச் சவரம் செய்கிறவரும் அவர்தான், கட்டி கீறுகிறவரும் அவர்தான். பெட்டியோடு வந்து, ஒரே கீறலில் சீழை எடுத்துவிட்டு, வேப்பிலையை அரைத்து வைத்துவிட்டுப் போவார். பெரும்பாலான கட்டிகளுக்கு அது சரியான வைத்தியம்தான். நானே அவர் கையால் கீறிக்கொண்டு பிழைத்தவள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அவர்களோடு மல்லுக்கு நிற்பது எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்தது.

யுத்த காலம் அது. நான் மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செஞ்சியில் எங்கள் தெருவில் எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு. அதிலும் அக்கா புருஷன் என்னைக் கண்டால் விடமாட்டார். கொழுந்தியாளைக் கேலி செய்ய மாமனுக்கு இருக்கிற உரிமையில் ஒரு சொட்டைக்கூட வீணாக்காத மனிதர். விடிந்தால் பேச்சு, அடைந்தால் பேச்சு. மாட்டோடு பேசுவார், மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும்போது தண்ணீரோடு பேசுவார், பூசைக்கு நடுவே பக்கத்தில் முட்டி போட்டிருப்பவனோடு பேசிச் சாமியாரிடம் திட்டு வாங்குவார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் இருவரும் சேர்ந்தால் அக்கா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள்.

பாஸ்கா என்று நாங்கள் சொல்கிற ஈஸ்டர் லீவுக்கு வந்தவள், பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கோட்டை மலையடியில், கடலைக் கொல்லையை ஒட்டின வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. இடது தாடைக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அதன்மேல் பச்சிலைப் பத்து போட்டுக் காயவிட்டிருந்தார்கள்.

"வாம்மா டாக்டரம்மா! சரியான நேரத்துக்கு வந்த. எங்கழுத்த அறுக்கப் பரியாரி வர்றாரு. நீ காலப் புடிச்சிக்க."

காய்ந்த பத்து வெடித்து, அந்த விரிசல் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. சீழ்க்கட்டி உள்ளே தெறிக்கும், வலிக்கிறவனுக்குத்தான் அது தெரியும். வாசலில் நிற்கிறவள் கண்ணுக்குத் தெரியாது.

"எப்ப வந்துச்சி இது?" என்று அக்காவைக் கேட்டேன்.

தை மாதம் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பாறைக்கு வெடி வைத்தபோது மாமா ஒதுங்கி நின்ற இடம் போதவில்லை. கல் சில்லு ஒன்று பறந்து வந்து கழுத்தில் தைத்தது. ரத்தம் நிறையப் போயிருக்கிறது. துணியை அடைத்து அமுக்கிக் கட்டியதில் நின்றிருக்கிறது. புண் ஆறிவிட்டது. பிறகு அதே இடத்தில் வீக்கம் தலைகாட்டியிருக்கிறது. சில்லின் துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, பத்து போட்டுப் பழுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பத்தைக் கழுவினேன். தோல் சிவக்கவில்லை, சுடவும் இல்லை. வீக்கத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விரலை வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. உள்ளங்கையை வைத்தால் உள்ளே வண்டு ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி அதிர்வு.

"காதுல எதுனா சத்தம் கேக்குதா மாமா?"

"அது எப்பிடி ஒனக்குத் தெரியும்? படுத்தா இந்தக் காதுல ரைஸ் மில்லு ஓடுது புள்ள. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

அந்த வருஷம் முழுவதும் எங்களுக்குத் தலையும் கழுத்தும்தான் பாடம். மேசையில் கிடந்த யாரோ ஒரு புண்ணியவானின் கழுத்தை நாங்கள் நான்கு பெண்கள் மாதக்கணக்கில் நூல் நூலாகப் பிரித்துப் பார்த்திருந்தோம். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் சுண்டுவிரல் பருமனில் ஒவ்வொரு தமனி மேலே ஏறுகிறது. குரல்வளையின் மேல்விளிம்புக்கு நேராக அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை நாக்குக்கும் முகத்துக்கும் மண்டைத் தோலுக்கும் வழியெல்லாம் கிளை விட்டுக்கொண்டே போகும். உள்கிளை கழுத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்காது. நேராக மண்டைக்குள் நுழைந்து மூளைக்கும் கண்ணுக்கும் மட்டும் ரத்தம் கொடுக்கும். மாமாவின் வீக்கம் சரியாக அந்தப் பிரிவை ஒட்டி உட்கார்ந்திருந்தது. கல் சில்லு அந்தத் தமனியின் சுவரைக் கிழித்திருக்கிறது. கசிந்த ரத்தம் தனக்கென்று ஒரு பை கட்டிக்கொண்டு அங்கே துடிக்கிறது. அந்தப் பையில் கத்தி பட்டால், அக்கா உள்ளே போய்த் துணி எடுத்து வருவதற்குள் மாமா செத்துப்போவார்.

"இது கட்டி இல்ல அத்த. ரத்தக்கொழா ஒடஞ்சி வீங்கியிருக்குது. கத்தி வெக்கக் கூடாது" என்றேன் மாமாவின் அம்மாவிடம்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். புருஷன் போன பிறகு நிலத்தையும் பிள்ளையையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"துடிக்குதா இல்லியா?"

"துடிக்குது."

"துடிச்சா பழுத்துடுச்சின்னு அர்த்தம். நாளைக்கிக் குருத்து ஞாயிறு, பெரிய வாரம் பொறக்குது. பெரிய வாரத்துல ஒடம்புல கத்தி வெக்கக் கூடாது. ஆண்டவரு ரத்தம் சிந்துன வாரம் அது. இன்னிக்கி உட்டா பாஸ்கா கழிச்சிதான். அதுக்குள்ள உள்ளுக்கு ஒடஞ்சி எம்புள்ளக்கி ஒண்ணு ஆச்சின்னா, நீயா பதில் சொல்லுவ?"

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது எழுதாத சட்டம். பெரிய வாரத்தில் சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார்கள். அவசரத்துக்குக் காரணம் அதுதான் என்று புரிந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஆண்டவரு பேரச் சொல்லி ஆளக் கொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். அது வாயில் வந்திருக்கக்கூடாத பேச்சு. அக்கா முகம் செத்துவிட்டது.

பரியாரி அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து, சாணைக்கல்லில் எச்சில் துப்பி, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"பெரியவரே, ஒரு நிமிஷம். எல்லாரும் இங்க பாருங்க" என்று மாமாவின் பக்கத்தில் போனேன். வீக்கத்துக்கு நன்றாகக் கீழே, மூச்சுக்குழாய்க்குப் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து, பின்னால் இருக்கும் முதுகெலும்பின் மேல் தமனியை அழுத்தினேன். எலுமிச்சம்பழம் எல்லார் கண்முன்னும் தொய்ந்தது. துடிப்பு நின்றது. விரலை எடுத்தேன். குபுக்கென்று மறுபடி எழும்பித் துடித்தது.

"மடைய அடச்சா வயலு வத்துது, தொறந்தா ரொம்புது. சீழுன்னா வத்துமா? சொல்லுங்க."

பரியாரி கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். அத்தை குனிந்து பார்த்தார். "இன்னொரு தரம் செய்யி" என்றார்.

செய்தேன். மாமா சும்மா இருக்கிற ஆளா? "கூச்சமா இருக்குது புள்ள" என்று நெளிந்தார். என் விரல் வழுக்கி மேலே ஏறிவிட்டது. மறுகணம் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழும்பியது. கண் மேலே செருகி, கட்டிலிலிருந்து அப்படியே என் மேல் சரிந்தார்.

"ஏசு மரி சூசையே! கொன்னுட்டாளே! எம்புள்ளயக் கொன்னுட்டாளே பாவி!"

மண்ணில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். நாடி தேய்ந்துபோய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓடியது. அத்தை என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். நான் மாமாவின் காலை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "இன்னாத்துக்கு எல்லாரும் கத்தறீங்க?" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதோடு இன்னொரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அத்தைக்கு இனி என் பேச்சு எதற்கு? "நீ கீறுய்யா" என்றார். பரியாரி தயங்கினார். "சீழா ரத்தமான்னு ஊசி மொனையில லேசாக் குத்திப் பாத்துடலாம்மா. சீழுன்னா கீறறன். ரத்தம்னா உட்டுடறன்" என்றார். அதுதான் நடுநிலைமையாம்! நான் குறுக்கே போய் நின்றேன். அத்தை என்னைத் தள்ளினார்.

பரியாரி வந்த பிறகு அக்கா ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மாமியார் எதிரில் அவள் நிமிர்ந்து பார்த்துக்கூட நான் கண்டதில்லை. அவள் வந்து மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வீக்கத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கைய எடுடி" என்றார் அத்தை.

"எடுக்க மாட்டன்."

"எடுக்கப் போறியா இல்லியா?"

"எடுக்க மாட்டன் அத்த. எந்தங்கச்சி பொய் சொல்ல மாட்டா. மெட்ராசுக்கு இட்டுனு போறன்."

பரியாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தியைப் பெட்டியில் போட்டார். "பொண்டாட்டி கைய வெட்டிட்டா கட்டியக் கீற முடியும்? இது எனக்கு ஆவாது" என்று கிளம்பிவிட்டார். அத்தை அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எம்புள்ள முழுசாத் திரும்பி வரலன்னா, நீ இந்த வாசப்படி மிதிக்காத." சொல்லிவிட்டு அவரும் எங்களோடு பஸ் ஏறினார்.

பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ். வல்லம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் மாமாவின் தலை ஆடும்போது எனக்குப் பல் கூசியது. தோல் பளபளவென்று மெலிந்துபோயிருந்தது. அது வழியில் வெடித்தால் செய்ய முடிந்தது ஒன்றுதான், கீழே அந்த இடத்தில் அழுத்திப் பிடிப்பது. திண்டிவனத்தில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கும்வரை என் கட்டைவிரல் அவர் கழுத்தோரத்திலேயே இருந்தது. மாமா மட்டும் பெட்டியில் இருந்த அத்தனை பேரோடும் பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த சர்ஜனே பார்த்தார். கத்தி படாமல் கொண்டுவந்ததற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார், அதுதான் அவர் பாராட்டு. மயக்கம் போட்ட கதையையும் என் பயத்தையும் சொன்னதும் முகம் மாறியது.

"எந்த இடத்தில் அழுத்தினாய்?"

காட்டினேன். "அறிவு இருக்கிறதா? பிரியும் இடத்தில் கை வைத்தால் நாடி விழும் என்று படிக்கவில்லை? ஒன்று அதனால் மயங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ பயப்படுகிற காரணம்தான்."

நான் பயந்த காரணம் இது. மூளைக்குப் போகும் குழாய்கள் நான்கு. முன்னால் இரண்டு, பின்னால் கழுத்தெலும்புகளின் துளை வழியாக ஏறுகிற இரண்டு. நான்கும் மூளைக்கு அடியில் கைகோத்து ஒரு வட்டமாகின்றன. வட்டம் முழுதாக இருந்தால் ஒன்றை அடைத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து மூளையைக் காப்பாற்றும். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே அந்த வட்டத்தில் ஓர் இணைப்பு இழைபோல இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நாங்கள் அறுத்த உடலிலேயே அது முழுதாக இல்லை. மாமாவைக் காப்பாற்ற இருந்த ஒரே வழி, வீக்கத்துக்குக் கீழே தமனியை நூலால் கட்டிவிடுவது. வட்டம் முழுதாக இல்லையென்றால் கட்டிய நிமிஷமே இடது மூளை வாடும். வலது கைகால் விழுந்துவிடும், பேச்சு போய்விடும், உயிரும் போகலாம். மண்டையைத் திறக்காமல் அந்த வட்டத்தைப் பார்க்க அன்றைக்கு எங்களிடம் வழி இல்லை.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பழக்குவோம். மற்ற மூன்றும் பாரம் சுமக்கக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு கட்டுவோம். மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக ஊசிதான். ஆள் விழித்திருக்க வேண்டும்" என்றார் சர்ஜன்.

அழுத்தும் இடத்தை அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். என்னைவிட அவள் சரியாகப் பிடித்தாள். மாமாவுக்குத் தலை கனத்தது, கண் மங்கியது, ஆனால் மயக்கம் வரவில்லை. அது நல்ல அறிகுறிதான். அதை நம்பித் தைரியமாக இருக்கத்தான் முடியவில்லை. பாஸ்கா வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். கேலி இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"நூலு கட்டறப்ப நீ கூட இருப்பியாமே. எம்பேச்சு போற மாதிரி தெரிஞ்சா, அவுத்துடச் சொல்லிடு."

"அவுத்துட்டா ஒருநாளு வெடிச்சிடும் மாமா."

"வெடிக்கட்டும். ஊமையா, ஒரு கை ஒரு காலு இழுத்துக்கினு, ஒங்க அக்காவ நான் பீ மூத்திரம் அள்ள உடமாட்டன். சத்தியம் பண்ணு."

அழுதுகொண்டே அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வராந்தாவுக்கு வந்தால் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவுக்கச் சொல்லாத. பேசலன்னாலும், எழுந்து நடக்கலன்னாலும் எனக்கு அந்த ஆளு வேணும். அள்ளறது நானு. கஷ்டம்னு நான் சொன்னனா?"

நான் கையை உருவிக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. என் தலையில் கொண்டுவந்து ஏன் இதைக் கட்டுகிறீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. சற்றுத் தள்ளி அத்தை செபமாலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மாமாவின் வலது பக்கம் முக்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்ஜன் சொன்னது சுருக்கம். "பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு. குழறினாலோ பிடி தளர்ந்தாலோ உடனே சொல்லு. நூலைத் தளர்த்திவிடுவேன்."

கழுத்தைப் பிரித்துத் தமனியைக் கண்டுபிடித்து, அடியில் நூலைக் கோத்தார்கள். நான் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். எத்தனை ஆழத்தில் ஊற்று வந்தது, தண்ணீர் உப்பா நல்லதா, கொல்லையில் இனி என்ன வைக்கலாம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். மாமா பாறையைத் திட்டினார், வெடி வைத்தவனைத் திட்டினார். பிடி இரும்பாக இருந்தது.

"இறுக்குகிறேன்" என்றார் சர்ஜன்.

மாமா பாதி வார்த்தையில் நிறுத்தினார்.

"மாமா, அப்பறம்? மாமா?"

பதில் இல்லை. கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கைக்குள் அவர் விரல்கள் ஒன்றொன்றாகத் தளர்ந்தன. கடைசி விரலும் என் கையை விட்டு நழுவியது. சர்ஜன் என்னைப் பார்த்தார். 'அவிழ்த்துவிடுங்கள்' என்கிற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அக்கா முகம் வந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

"கையி வேர்த்து வழுக்குது புள்ள" என்றார் மாமா. நழுவின கையைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி என் கையைப் பிடித்தார். "இன்னா கேட்ட?"

சர்ஜன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிடி தளரவில்லை, பேச்சும் நிற்கவில்லை. முடிச்சைப் போட்டார். இரண்டு நாள் கண்காணிக்க வேண்டும் என்றார். அந்த இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகு பல வருஷங்களும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? வராந்தாவுக்கு வந்தேன்.

அக்கா எழுந்து வந்தாள். "பேசறாரா?"

"பேசறாரு."

"கையி?"

"நல்லா இருக்குது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நடுவுல எதுனா ஆச்சா? அவுக்கச் சொல்லப் போனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வாயத் தொறந்துட்டன்க்கா" என்றேன்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அறைந்த கையாலேயே என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.